பதினாலாம் பண்டில் அட்டை

"யார் எழுதினதுன்னு நான் தேட மாட்டேன். கையெழுத்தைக்கூட உத்துப் பார்க்க மாட்டேன். இது சத்தியம்."

மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை, வேலம்பாளையத்தை ஒட்டிய அந்தப் பள்ளிக்கூடத்தில், பத்தாம் வகுப்பின் முன்னால் நின்று அனுசுயா இதைச் சொல்வாள். ஒரு தொண்டு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. வயதுக்கு வரும் பிள்ளைகள் எதில் எல்லாம் போய் விழுவார்கள் என்று எடுத்துச் சொல்லி அவர்களைத் தடுத்து நிறுத்துவது. போதைப் பாக்கு, மாத்திரை, லைசென்ஸ் இல்லாமல் வண்டி, முகம் தெரியாதவர்களோடு செல்போனில் பழக்கம் என்று அச்சடித்த பாடம் ஒன்று கையில் இருந்தது. அதை முப்பது நிமிடம் வாசித்தால் பிள்ளைகள் முப்பது நிமிடமும் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

அவர்கள் காத்திருப்பது கடைசிப் பத்து நிமிடத்துக்கு. பனியன் அடுக்கி வரும் அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் கத்தியால் கீறல் போட்டு வைத்திருந்தாள். பெயர் போடாமல் எதை வேண்டுமானாலும் எழுதி அதில் போடலாம். அடுத்த மாதம் எல்லோருக்கும் பொதுவாகப் பதில் சொல்வாள். பெட்டி பெஞ்சு பெஞ்சாகப் போகும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். அந்த நேரத்தின் அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது. முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் தங்களிடம் மட்டும் பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

அன்றைக்குப் பெட்டியை வீட்டுக்கு வந்துதான் திறந்தாள். முப்பத்தொரு சீட்டுகள்.

'பாக்கு போட்டா பல்லு கொட்டும்னு சொன்னீங்க. எங்க பெரியப்பாவுக்கு முப்பத்திரெண்டும் அப்படியே இருக்கு. அவர்கிட்ட வந்து சொல்லுங்க.'

'மிஸ் நீங்க ஏன் கல்யாணம் பண்ணலை? லவ் ஃபெயிலியரா?'

'நர்சிங் படிக்கறதுக்கு ஹாஸ்டலோட காலேஜ் எங்க இருக்கு?'

'ஒருத்தன் தினமும் ஸ்டேட்டஸ்ல குட் பை போடறான். எப்பத்தான் போவான்?'

இதற்குச் சிரிப்பதா என்று தெரியாமல் அதைத் தனியே வைத்தாள். அதன் அடியில் இருந்தது அடுத்தது. மஞ்சள் அட்டைத் துண்டு. இடது கையால் எழுதியதுபோல எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன.

'வலி மாத்திரை நாலு போட்டா ஒண்ணும் தெரியாம நல்லா இருக்கு. இப்ப நாலு பத்தலை. எத்தனை வரைக்கும் போடலாம்?'

அனுசுயா எழுந்துபோய் நாட்காட்டியைப் பார்த்தாள். அடுத்த வகுப்புக்கு நான்கு வாரம் இருந்தது. இந்தக் கேள்வி நான்கு வாரம் காத்திருக்காது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. தலைமையாசிரியரிடம் சொன்னால் திங்கட்கிழமை பிரேயரில் மைக்கைப் பிடித்து, "யாருங்க அது மாத்திரை திங்கறது? தைரியமிருந்தா முன்னால வாங்க" என்பார். நல்ல மனிதர்தான். அவருக்குத் தெரிந்த வழி அது.

துண்டைத் திருப்பினாள்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு போயிருக்கும். சென்னையிலிருந்தோ கோயமுத்தூரிலிருந்தோ வந்த ஒருத்தி அந்தப் பின்பக்கத்தைப் பார்த்திருந்தால் பழைய குப்பை அட்டை என்று மட்டுமே நினைத்திருப்பாள். அனுசுயாவின் அப்பா பெருமாள்சாமி, வானம் பொய்த்த கரிசல் காட்டை விட்டு வந்து இந்தப் பனியன் ஊரில் இருபது வருடம் கட்டிங் டேபிளில் நின்றவர். அவளே அஞ்சல்வழியில் பட்டம் வாங்குவதற்கு முன் மூன்று வருடம் செக்கிங்கில் வேலை பார்த்தவள். வெட்டிய துணியை ஒவ்வொரு கட்டாகக் கட்டி, எந்த ஸ்டைல், எந்தக் கலர், எந்த சைஸ், எத்தனையாவது கட்டு என்று எழுதித் தொங்கவிடும் அட்டை அது. பண்டில் அட்டை. துணி எங்கே போனாலும், தைத்து முடித்து நூல் பிசிறு வெட்டும் வீடு வரைக்கும், அட்டை கூடவே போகும். துண்டில் பாதி எழுத்து கிழிந்து போயிருந்தது. மிச்சம் இருந்தது போதும். நேவி. எம். பண்டில் 14. ஓரத்தில் ஊதா மையில் பாதி முத்திரை. ஆத்தப்பன் யூனிட்டின் முத்திரை.

அவளுக்குப் படிக்கத் தெரிந்திருந்தது. அதுதான் நடந்த தப்பு.

மறுநாள் சனிக்கிழமை காலையில் ஆத்தப்பனின் யூனிட்டுக்குப் போனாள். இருபது மெஷின் போட்ட ஷெட். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். ஆத்தப்பன் அவள் அப்பாவோடு ஒரே டேபிளில் கட்டிங் பார்த்தவர். காட்டை விற்று மெஷின் வாங்கியவர்.

"அட, பெருமாள்சாமியண்ணன் புள்ளைங்களா? வாங் கண்ணு, வாங்க. ஏனுங் கண்ணு இத்தனை தூரம்? டீ சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்க மாமா. ஒரு விஷயம் கேக்கணும். நேவி கலர், எம் சைஸ், பதினாலாம் பண்டில் பிசிறு வெட்ட யார் வீட்டுக்குப் போச்சுன்னு பாக்க முடியுங்களா?"

ஆத்தப்பன் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "பீஸ்ல டேமேஜுங்களா?"

"இல்லீங்க. ஒரு புள்ளையோட சாமான் எங்கிட்ட இருக்கு. குடுக்கணும்."

"அட்டையப் பாத்தே ஆளப் புடிக்கறீங்க. நீங்க பாடம் நடத்தறத உட்டுப்போட்டு போலீஸ்ல சேந்திருக்கோணுமுங் கண்ணு." சிரித்துக்கொண்டே டெலிவரி நோட்டைப் புரட்டினார். "பதினாலு... செல்லத்தாயி ஊட்டுக்குப் போயிருக்குதுங்க. பாலத்துக்கு அந்தாண்ட லைன் ஊடு. முதுகு வலின்னு அந்தம்மா மெஷினுக்கு வர்றதில்லீங்க, ஊட்டுலயே பிசிறு வெட்டிக் குடுக்குது. அதுக்குக்கூட ஒரு புள்ள இருக்குதுங்க, பத்தாவது. கெட்டிக்காரப் புள்ள."

பத்தாவது. அனுசுயாவுக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை.

வழியில் ஒரு வேப்பமரத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. நாற்பது பேர் முன்னால் சத்தியம் என்று சொன்ன வாய். ஆனால் அந்தப் பிள்ளை இன்றைக்கு ஐந்து போட்டால்? நாளைக்கு எட்டு போட்டால்? சத்தியத்தைக் காப்பாற்றிப் பிள்ளையை விடுவதா என்று தன்னையே கேட்டாள். கேள்வியை அப்படிக் கேட்டால் பதில் ஒன்றுதான். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

வரிசையாக எட்டு வீடுகள். மூன்றாவது வாசலில் நேவி நிற பனியன் குவியலுக்கு நடுவே செல்லத்தாய் உட்கார்ந்து சின்னக் கத்தரியால் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கணவன் பாண்டித்துரை வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலைக்குப் போயிருந்தான். மகள் தேஜஸ்ரீக்குச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்.

"பள்ளிக்கூடத்து மேடமா? வாங்க மேடம். எங்க வீட்டுப் பிள்ளை எதும் சேட்டை பண்ணிட்டாளா?"

"இல்லக்கா. சும்மாதான். நீங்க எந்த ஊர்ப் பக்கம்?"

"சாத்தூருக்குத் தெக்க. நீங்க?"

"எங்கப்பா ஏழாயிரம்பண்ணை."

"அட, நம்ம பக்கமா! அதான் மூஞ்சியப் பாத்ததும் எங்க சின்னம்மா மக கணக்கா இருக்கேன்னு பாத்தேன். உக்காருங்க தாயி." செல்லத்தாய் பனியன்களைத் தள்ளி இடம் செய்தாள். மேடம் தாயியாகிவிட்டாள்.

சுவர் மாடத்தில் கண்ணாடியும் சீப்பும் இருந்தன. சீப்புக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை. பத்தில் நான்கு காலி.

அனுசுயா அதையே பார்த்தாள். "இது யார் போடுறதுக்கா?"

"நாந்தான். முதுகு கழண்டு போகுது. மெடிக்கல்ல குடுத்தான்."

"எத்தனை போட்டீங்க?"

"எண்ணியா போடுவாக? ரெண்டு. மூணு இருக்கும்." செல்லத்தாயின் கத்தரி நின்றது. "ஏன் தாயி கேக்கீக?"

அனுசுயா வகுப்பில் எத்தனையோ மௌனங்களைத் தாங்கியவள். இந்த ஒன்றைத் தாங்காமல் உடைத்தாள். பிள்ளைகள் சில நேரம் மனக் கஷ்டத்தில் மாத்திரை போட்டுப் பார்ப்பார்கள், திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, ஏன் என்றுகூடக் கேட்கக் கூடாது, இந்த அட்டையை மட்டும் எடுத்து ஒளித்து வையுங்கள், நாளைக்கு நானே வந்து அவளிடம் பதமாகப் பேசுகிறேன் என்றாள். ஒரு வாக்கியத்தில் இரண்டு தடவை 'பதறாதீங்க' என்றாள்.

"எம்பிள்ளையா?" என்றாள் செல்லத்தாய்.

"நிச்சயமாத் தெரியாதுக்கா. நீங்க எதையும் காட்டிக்கக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

செல்லத்தாய் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அனுசுயா போனபோது வாசலில் பனியன் குவியல் இல்லை. ஒரு பெரிய பை இருந்தது. செல்லத்தாயின் அண்ணன் ராத்திரி பஸ் ஏறி வந்திருந்தார். தடித்த மீசை, கையில் கார் சாவி போல ஆட்டிக்கொண்டிருந்த செல்போன். அது தேஜஸ்ரீயுடையது.

"நீங்கதான் அந்த மேடமா? நல்ல நேரத்துல சொன்னீக. இல்லன்னா பிள்ளையப் பொணமாத்தான் தூக்கியிருக்கணும்" என்றார்.

பாண்டித்துரை சுவரோரம் குந்தி இருந்தான். சாயத்தில் ஊறி நகக்கண் எல்லாம் நீலமான விரல்களைப் பார்த்துக்கொண்டே, "எந்தப் பயன்னு சொல்ல மாட்டேங்கிறா மேடம்" என்றான்.

"பயலா? அண்ணே, அப்படி எதுவும் நான் சொல்லவே இல்லையே!"

"வயசுப் பிள்ளை வேற எதுக்கு மாத்திரை திங்கும்?" என்றார் மாமன். "ஊருக்குக் கூட்டிட்டுப் போறோம். பரீட்சை எழுதணும்னா வந்து எழுதட்டும். எம்மவனுக்குத்தான் கட்டணும்னு பேச்சு ரொம்ப நாளா இருக்கு. இப்ப முடிச்சிட்டா ஒரு கவலை விட்டுச்சு."

"அவளுக்குப் பதினஞ்சு வயசுண்ணே. சட்டப்படி..."

"சட்டம் மாத்திரையப் புடுங்குமா மேடம்?"

செல்லத்தாய் அனுசுயாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. சத்தியத்தை மீறியதற்கான வெட்கமா, அதைச் செய்ய வைத்தவள் மீதான கோபமா தெரியவில்லை. பிறகு, "உள்ள இருக்கா. அஞ்சு நிமிசம் பேசிக்கோங்க" என்றாள்.

உள்ளே ஒரே அறை. தேஜஸ்ரீ கட்டில் காலில் சாய்ந்து தரையில் இருந்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. அனுசுயா எதிரே உட்கார்ந்தாள்.

"நான் எழுதலை மிஸ்."

"பரவாயில்ல தேஜஸ்ரீ. எங்கிட்ட மறைக்க..."

"நான் எழுதினது நர்சிங் காலேஜு. ஹாஸ்டலோட எங்க இருக்குன்னு கேட்டேன். அதை நீங்க படிச்சீங்களா?"

அனுசுயா படித்திருந்தாள். இந்த மாதத்துக்குச் சுலபமான கேள்வி ஒன்றாவது கிடைத்ததே என்று முதல் சீட்டாக எடுத்து வைத்திருந்தாள்.

"அப்ப அந்த அட்டை?"

"அட்டை எங்க வீட்டு அட்டைதான். அம்மா தூரப் போட்டுரும், நான் ரஃப் ஒர்க் போட எடுத்துட்டுப் போவேன். அன்னைக்குப் பெட்டி வந்தப்ப யாருக்கிட்டயும் பேப்பர் இல்ல. நோட்டக் கிழிச்சா சார் திட்டுவாரு. நாந்தான் ஒரு அட்டையக் கிழிச்சு எங்க பெஞ்சுக்கும் பின்னாடி பெஞ்சுக்கும் குடுத்தேன். ஆறு துண்டு."

ஆறு துண்டு. அனுசுயாவின் கைப்பையில் சீட்டுகள் எல்லாம் இருந்தன. எடுத்துத் தரையில் பரப்பினாள். மஞ்சள் அட்டையில் ஆறு. மாத்திரை ஒன்று, ஹாஸ்டல் ஒன்று, குட் பை ஒன்று, கல்யாணம் ஒன்று, வேறு இரண்டு. எல்லாம் அவள் கண்ணெதிரே இரண்டு நாளாக இருந்தவை. நம்பர் இருந்த துண்டு ஒன்றை மட்டும் அவள் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரிந்தவள், படிக்க முடிந்ததை மட்டும் படித்தாள். மாடத்தில் காலியாக இருந்த நான்கு மாத்திரையும் ஒரு தாயின் முதுகுவலிதான்.

"நான் உங்க அப்பாகிட்ட, மாமாகிட்ட இப்பவே சொல்றேன். தப்பு என்னோடதுன்னு சொல்றேன்."

"சொல்லுங்க மிஸ்." குரலில் எதிர்பார்ப்பு எதுவும் இல்லை.

சொன்னாள். வாசலில் நின்று, அட்டைத் துண்டுகளைக் காட்டி, இரண்டு தடவை சொன்னாள். மாமன் பொறுமையாகக் கேட்டார். "பிள்ளைய அடிச்சுப்புட்டாங்கன்னு நீங்க மனசு இரங்கிப் பேசுதீக. நல்ல குணம்" என்றார். பாண்டித்துரை மட்டும் ஒரு துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். "இதை எம்மக எழுதலைன்னா, அன்னைக்கு எதுக்கு எங்க வீடு தேடி வந்தீக?" என்று கேட்டான். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லிப் பயனில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. குழந்தைகள் நல அலுவலகத்தில் சொல்வேன் என்றாள். மாமன், "சொல்லுங்க, நாங்க பிள்ளைய ஊருக்குத்தான கூட்டிட்டுப் போறோம்" என்றார்.

மறுபடி உள்ளே போனாள். இன்னொன்று பாக்கி இருந்தது. கேட்கக் கூசியது. கேட்காமல் போகவும் முடியாது.

"தேஜஸ்ரீ, அந்தத் துண்டு யாருக்குக் குடுத்தேன்னு உனக்குத் தெரியும். அஞ்சு பேர்தான். யாருன்னு சொல்லு. அந்தப் புள்ள உயிர் போயிரும்."

தேஜஸ்ரீ அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். யோசிக்கிறாள் என்று தெரிந்தது. ஐந்து முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். ஒரு முகத்தில் வந்து நிற்கிறாள். அனுசுயா காத்திருந்தாள்.

"சொன்னா அவ வீட்டுக்கும் போவீங்கதானே மிஸ்?"

அனுசுயா வாயைத் திறந்தாள். மாட்டேன் என்று சொல்ல வேண்டும். சத்தியம் என்று சொல்ல வேண்டும்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் தேஜஸ்ரீ.

"சரி. நீயே அவகிட்ட சொல்லு. இனிமே ஒண்ணுகூட வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு..."

"போனப் புடுங்கிட்டாங்க. நாலு மணிக்குப் பஸ்ஸு. யார்கிட்ட போய்ச் சொல்றது?"

திங்கட்கிழமை முதல் வேலையாகத் தலைமையாசிரியர் சண்முகவேலைப் பார்த்தாள். முழுவதையும் சொன்னாள். அவர், "நல்லாப் படிக்கற புள்ளைங்க அது" என்றார். பிறகு, "நோட்டையெல்லாம் வாங்கி எழுத்த ஒத்துப் பாத்துரலாமுங்களா?" என்றார். அந்த இடது கை எழுத்து யாருடைய எழுத்தும் இல்லை என்றாள். வகுப்பில் பத்து நிமிடம் மட்டும் கேட்டாள்.

விஷயம் அவளுக்கு முன்பே வகுப்புக்கு வந்திருந்தது. அவள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள், யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் ஓர் இடம் காலி. அதே பெஞ்சிலும் அதற்குப் பின் பெஞ்சிலும் உட்கார்ந்திருந்த ஐந்து பேர் ஒரே மாதிரி குனிந்திருந்தார்கள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். உடனே முதல் பெஞ்சுக்குக் கண்ணைத் திருப்பினாள்.

"ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டிருந்தீங்க. எத்தனை வரைக்கும் போடலாம்னு. நாலு வாரம் காக்க வைக்கக் கூடாதுன்னு வந்தேன்." சாக்பீஸை எடுத்தாள். "அதுக்கு ஒரு எண் கிடையாது. இதுவரைக்கும் சரி, இதுக்கு மேல தப்புன்னு ஒரு கோடு கிடையாது. போட்ட நாலே ஈரலையும் கிட்னியையும் கெடுத்துட்டு இருக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. நல்லா இருக்குன்னு தோணுதுல்ல, அந்த நல்லா இருக்கறதுதான் ஆபத்து. நிறுத்த முடியலைன்னா அது உங்க தப்பு இல்ல. தனியா நிறுத்தவும் வேண்டாம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில டாக்டர் இருக்காங்க. பிள்ளைங்களுக்குன்னே இருக்கற இந்த நம்பருக்குக் காசில்லாமப் பேசலாம், பேர் சொல்ல வேண்டியதில்ல."

கரும்பலகையில் 1098 என்று எழுதினாள்.

"நான் உங்களுக்குக் குடுத்த வார்த்தைய மீறிட்டேன். அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன். இந்த நம்பர மட்டும் எழுதிக்கோங்க."

யாரும் பேனாவைத் தொடவில்லை. ஏன் என்று அவளுக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. எழுதுகிறவள்தான் மாத்திரை போடுகிறவள் என்று ஆகிவிடும். முதலில் பேனா எடுக்கும் கையை நாற்பது பேரும் பார்ப்பார்கள். மிஸ்ஸும் பார்ப்பாள்.

"எல்லாரும் எழுதுங்க. எல்லாருமே" என்றாள். பையன்கள் பக்கம் கடைசி பெஞ்சில் ஒருவன், "எங்களுக்கு எதுக்குங் மிஸ்?" என்று கேட்டான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் அதற்கு மேல் பேசவில்லை.

மணி அடித்தது. கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நின்றார். "அழிச்சுக்கலாமுங்களா?"

"கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க சார்."

"அதுக்கென்னங்க, இருக்கட்டும்." மரியாதையோடு மிச்சமிருந்த பக்கத்தில் கணக்கை ஆரம்பித்தார்.

அனுசுயா வராந்தாவில் நின்றாள். வகுப்பு முழுக்கக் கரும்பலகையைப் பார்த்துப் பார்த்துக் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது. இப்போது நாற்பது கையும் ஒன்றுபோல ஓடின. யாராவது கணக்கோடு சேர்த்து அந்த நான்கு எண்ணையும் எழுதினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்படி யாராவது எழுதினார்களா என்று அவளுக்கும் தெரியாது. எட்டிப் பார்க்காமல் இருப்பது மட்டும்தான் இப்போது அவளால் முடிந்தது.

கணக்கு நீண்டது. ஆறாவது வரியில் வாத்தியாருக்கு இடம் போதவில்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்து டஸ்டரை எடுத்தார்.